அரிட்டாபட்டி கண்மாய்க்கரையில் பதினைந்து நிமிடம் | பொங்கல் வ்லாக்

வணக்கம் மக்களே. பின்னால் தெரிகிறதே, அதுதான் கழிஞ்சமலை. நான் நிற்பது அரிட்டாபட்டி ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில். மதுரையிலிருந்து மேலூர் ரோட்டில் வந்து உள்ளே திரும்ப வேண்டும். இன்று மாட்டுப் பொங்கல். ஊருக்குள் மாடுகளைக் குளிப்பாட்டிக் கொண்டிருக்கிறார்கள். அங்கே அப்புறம் போவோம்.

கேமராவை ஆன் செய்வதற்கு முன் பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று பறவைகளை எண்ணினேன். நோட்டைப் பாருங்கள். முக்குளிப்பான் 11, நாமக்கோழி 40, சிறிய நீர்க்காகம் 6, வெண்மார்பு மீன்கொத்தி 2, பனங்காடை 1. தகைவிலான்கள் கூட்டமாகத் தண்ணீரை ஒட்டிப் பறந்துகொண்டே இருந்ததால் தோராயமாக 30 என்று எழுதினேன். நடுவில் ஒரு காட்சி. மலை இடுக்குகளில் உட்கார்ந்திருந்த மாடப்புறாக்கள் மொத்தமும் ஒரே நொடியில் கிளம்பிச் சிதறின. மேலே கூர்மையான இறக்கையோடு ஒன்று வேகமாகப் போனது. வல்லூறாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் எந்த வல்லூறு என்று சரியாகத் தெரியவில்லை, அதனால் எழுதவில்லை. உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும் என்பதுதான் இதில் முதல் விதி.

இந்த எண்ணிக்கை பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்காக. தமிழ்நாட்டில் 2015-இல் தொடங்கியது. பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் பதினைந்து நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி, பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இபேர்ட் இணையதளத்தில் ஏற்றலாம். மொட்டை மாடி போதும். பள்ளி மைதானம், பஸ் ஸ்டாண்டு பக்கத்து வேப்பமரம், எதுவும் போதும்.

“எண்ணி என்ன ஆகப் போகிறது?” என்று போன வருடம் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் உங்களை இங்கே கூட்டி வந்தேன்.

முதலில் இந்த இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். இங்கே ஏழு சிறு குன்றுகள். மழை பெய்தால் பாறையில் விழும் தண்ணீர் வழிந்து சுனைகளிலும் கீழே கண்மாய்களிலும் சேரும். ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக அடுத்ததற்குப் போகும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் 72 ஏரிகள், 200 ஊற்றுகள் என்று அரசே கணக்குச் சொல்கிறது. காலையில் மடைப் பக்கம் ஒரு பெரியவரைப் பார்த்தேன். “அந்தப் பாறைத் தண்ணிதான் தம்பி இங்க வருது” என்று கையைக் காட்டினார். எந்த மடையை எப்போது திறப்பார்கள், எந்தப் பாறை இடுக்கில் அழுங்கு, அதாவது எறும்புதின்னி இருக்கும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். மலையை வெட்டினால் கண்மாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதை இந்த ஊரில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

மேலூர் பக்கம் கிரானைட் குவாரிகள் என்ன செய்தன என்று உங்களுக்குத் தெரியும். முழு மலையும் போய் பள்ளமாக நிற்கிற இடங்களை இந்தச் சேனலிலேயே காட்டியிருக்கிறேன். அரிட்டாபட்டி மக்கள் தங்கள் மலையைக் குவாரிக்கு விடவில்லை. பறவை பார்ப்பவர்கள் வந்து எண்ணி எழுதினார்கள். 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு எல்லாம் அதில் உண்டு. தேவாங்கு, அழுங்கு, மலைப்பாம்பு இருக்கின்றன. மலையில் தமிழி என்ற பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது, சமணர் படுக்கை இருக்கிறது, பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில் இருக்கிறது. இத்தனையும் காகிதத்தில் ஏறியதால் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டியை அறிவித்தார்கள். மீனாட்சிபுரத்தையும் சேர்த்து சுமார் 193 ஹெக்டேர்.

அப்படி அறிவித்தால் ஆடு மாடு மேய்க்க விடமாட்டார்களோ என்று பலருக்குப் பயம் வரும். நியாயமான பயம்தான். ஆனால் இது சரணாலயம் மாதிரி இல்லை. ஊர்க்காரர்கள் வழக்கமாகச் செய்து வருவதற்கு, அவர்களே விரும்பி ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு தடை போடக் கூடாது என்று இதற்கான வழிகாட்டுதலிலேயே இருக்கிறது.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2024 நவம்பர் 7. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்தது என்று செய்தி. பரப்பு 2015 ஹெக்டேர், அதாவது ஐயாயிரம் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அரிட்டாபட்டியும் அதற்குள். மக்கள் ஊர் மந்தையில் கூட்டம் போட்டார்கள், கிராமசபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-இல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. டிசம்பர் கடைசியில் மத்திய அரசு சொன்னது என்ன தெரியுமா? பல்லுயிர்த் தலமாக அறிவிக்கப்பட்ட பகுதியை விட்டுவிட்டு எல்லையை மறுபடி பார்க்கலாமா என்று புவியியல் ஆய்வுத் துறையைக் கேட்டிருக்கிறோம் என்றது.

இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அத்தனை பெரிய வரைபடத்தில் முதலில் கை வைக்கத் தயங்கிய இடம் எது? எழுதிப் பதிவான அந்த 193 ஹெக்டேர்தான். பதிவு இல்லாத மற்ற ஊர்களின் வயலும் கண்மாயும் கோயிலும் அப்போதும் சுரங்க எல்லைக்குள்தான் இருந்தன.

“எங்கள் ஊர் தப்பித்தது, போதும்” என்று அரிட்டாபட்டிக்காரர்கள் வீட்டுக்குப் போகவில்லை. எனக்கு இந்த ஊர் மேல் இவ்வளவு மரியாதை வரக் காரணமே அதுதான். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை வரைக்கும் ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். பெண்கள், வயதானவர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை முழுவதுமாக ரத்து செய்தது.

இங்கிருந்து திருப்பத்தூர் ரோட்டில் போனால் சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி வரும். 1977-இல் சரணாலயம் ஆனது. வலசை வரும் பறவைகள் பயந்துவிடக் கூடாது என்று அங்கே உள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சட்டம் போட்டு வந்த பழக்கம் இல்லை அது. அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் பேசி எடுத்த வீடியோவை அடுத்த மாதம் போடுகிறேன்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். பல்லுயிர்ச் சட்டம் 2002-இல் வந்தது. அதன்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊராட்சிக்கு மட்டும் இல்லை, மாநகராட்சிக்கும் உண்டு. அந்தக் குழுவின் வேலை மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பது. உங்கள் பகுதிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் தெருமுனைக் குளம், பூங்கா, அந்த ஒற்றை ஆலமரம் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் எழுதிக் கொடுங்கள். இடம் சின்னது என்று விட்டுவிடாதீர்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் காசம்பட்டி கோயில் காடு ஐந்து ஹெக்டேர்கூட இல்லை, 2025-இல் மாநிலத்தின் இரண்டாவது பல்லுயிர்த் தலம் ஆகிவிட்டது.

என் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஊருணி இருக்கிறது. பாதி ஆகாயத்தாமரை, ஒரு ஓரத்தில் கட்டடக் குப்பை. போன பொங்கலுக்கு அங்கே எண்ணியபோது 17 வகைப் பறவைகள். நம்பவே முடியவில்லை, மறுபடியும் எண்ணினேன். தெருவில் நான்கு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். இப்போது மாதம் ஒரு ஞாயிறு எண்ணுகிறோம். நாமக்கோழி எந்த மாதம் வருகிறது, எந்த மாதம் கிளம்புகிறது என்று எட்டாவது படிக்கும் ஒரு பெண் தனி நோட்டே வைத்திருக்கிறாள். அந்தப் பட்டியலை நகல் எடுத்து, போட்டோக்களோடு வார்டு அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறோம். பதில் வந்ததும் காட்டுகிறேன்.

கணக்கெடுப்புக்கு நாளையும் நேரம் இருக்கிறது. காலை ஆறரைக்கு வெளியே வாருங்கள். பார்த்த பறவைகளைக் கமெண்டில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் நிறம், அலகு, என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள், சேர்ந்து கண்டுபிடிப்போம். மலைப் பக்கம் புறாக்கள் மறுபடி கிளம்புகின்றன. இந்த முறை பைனாகுலரில் பார்த்துவிடுகிறேன், கேமராவை இங்கேயே வைக்கிறேன்.