கால் போத்தலும் கவ்வாத்துக் கத்தியும்

(ஹட்டனில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தம்பி தங்கச்சிமாருக்கும் வணக்கம்.

வீட்டுப் புத்தகங்களை எப்படி அடுக்கிப் பேணுவது என்று பேசத்தான் என்னை அழைத்தீர்கள். பேசுகிறேன். ஆனால் என் வீட்டில் புத்தகம் ஒழுங்கானது சாராயம் குறைந்த பிறகுதான். அதை மறைத்துவிட்டு இதை மட்டும் சொன்னால் பாதி உண்மைதான் சொன்னவனாவேன்.

எனக்கு 68 வயது. படிப்பித்த காலம் முழுக்க மாலை ஆறு மணிக்கு ஒரு கால் போத்தல் சாராயம். தவறணை என்கிற சாராயக் கடைக்குப் போனதில்லை, தெருவில் சண்டை பிடித்ததில்லை. அதனால் இதையெல்லாம் குடி என்றே நான் நினைக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அதே கால் போத்தல் வேறு விதமாக வேலை செய்தது. நடுச்சாமத்தில் விழிப்பு வந்துவிடும், பிறகு தூக்கமில்லை. நேற்று வாசித்த பக்கம் இன்று புதிதாகத் தெரியும். மழை நேரம் ஒரு நாள் வாசற்படியில் விழுந்தேன்.

"அளவைக் கூட்டவில்லையே டாக்டர்" என்றேன். "நீங்கள் கூட்டவில்லை சேர், உங்கள் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறது" என்றார். வயது ஏற ஏற உடம்பின் நீர்ப்பங்கு குறையும். அதே சாராயம் குறைந்த நீரில் கலப்பதால் இரத்தத்தில் அதன் செறிவு ஏறும். பிரஷர் குளிசையும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். பிறகு கணக்குப் பார்த்தேன். சாராயத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அற்ககோல். கால் போத்தலான 180 மில்லிலீற்றரில் அது 60 மில்லிலீற்றர், எடையில் 47 கிராம். ஓர் அளவுக் குடி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது 10 கிராம். அளவோடு குடிப்பவன் என்று என்னை நினைத்துக்கொண்டு தினமும் ஐந்து அளவுக்குக் கிட்டக் குடித்திருக்கிறேன். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்றே அந்த நிறுவனம் 2023 இல் சொல்லிவிட்டது.

நான் மருந்துக் குவளையால் அளந்து, கிழமைக்குக் கிழமை குறைத்தேன். இப்போது சனிக்கிழமை மட்டும், அதுவும் ஓர் அளவு. தினமும் நிறையக் குடிப்பவர்கள் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். கை நடுக்கம், வலிப்புவரை போகலாம். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்துக் குடிப்பழக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் தொழிலாளியைத் திட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுக்க இருக்கும்போது, மாலையில் ஒரு மனிதன் எங்கே உட்காருவான்? நானும் அப்படி ஒரு காம்பராவில் பிறந்தவன். என் அப்பாவின் மூன்று புத்தகங்கள் அரிசிப் பானைக்கு மேலே தொங்கிய உறியில்தான் இருந்தன.

தினசரிச் சாராயம் போனதும் ஆறு மணி முதல் எட்டு மணிவரை கை சும்மா இருந்தது. அந்தக் கைக்குத்தான் புத்தகம் கொடுத்தேன்.

பழைய தேயிலைப் பெட்டிகளைப் படுக்கவைத்து அடுக்கினால் நல்ல அலுமாரி. சுவரை ஒட்டி வைக்காதீர்கள், நாலு விரல் இடைவெளி வேண்டும். வைகாசியில் தொடங்கும் மழை சுவர் வழியாகத்தான் புத்தகத்துக்குள் வருகிறது. பூஞ்சணம் பிடித்ததை வீட்டுக்குள் தட்டாமல், மாசி வெயிலில் முற்றத்தில் வைத்துக் காய்ந்த துணியால் துடையுங்கள். அடிக்கடி எடுப்பவை இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட தட்டில் இருக்கட்டும். நம் முழங்கால் இனிக் குனியாது.

நூலகங்கள் புத்தகங்களை எண்ணிட்டு வகைப்படுத்தும் டூயி முறையில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811 என்ற எண்ணின் கீழ் வரும். வீட்டுக்கு அது உதவாது. நான் ஊர்வாரியாக அடுக்கினேன். மலையகத்துக்குத் தனிப் பெட்டி. நம்முடைய புத்தகங்கள் மெலிந்தவை. முதுகில் பெயர்கூட இருக்காது. தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சியம்மாளும் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோன பாட்டுகள் சிறு பிரசுரங்களாக வந்தவைதான். தடித்த நாவல் இரண்டுக்கு நடுவே அப்படி ஒன்று போனால் தொலைந்த மாதிரிதான். இவற்றின் கம்பி ஊசி நம் பனியில் துருவேறித் தாளைத் தின்றுவிடும். மெதுவாக நிமிர்த்திக் கழற்றிவிட்டு, அதே துளைகளில் வெள்ளை நூல் கோத்துத் தைக்கிறேன். ஒரு மாலைக்கு இரண்டு புத்தகம்தான் முடிகிறது.

தேயிலைச் செடியை மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறோம், அதாவது கிளைகளைக் கத்தரித்து விடுகிறோம். புத்தகத்துக்கும் அது வேண்டும். எந்தக் கடையிலும் கிடைப்பதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறேன். நம் மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையின் புத்தகங்களைக் கொடுக்க மாட்டேன், வந்து வாசிக்கட்டும்.

போத்தலை நான் ஒளித்து வைத்தது அகராதி வரிசைக்குப் பின்னால். போத்தலை எடுத்த பிறகு அங்கே ஓர் அகராதி அகப்பட்டது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம் மக்களில் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு எழுதியது அல்லவா, அதில் என் வகுப்புத் தோழன் வீடும் ஒன்று. 1972 இல் இந்தியக் கப்பலைப் பிடிக்கத் தலைமன்னார் ரயில் ஏறுமுன் அவன் என் கையில் தந்தது அது. முதல் பக்கத்தில் ஊதா மையில், "வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறான்.

பட்டியல் எழுதும் சீ.ஆர். கொப்பியில் அதற்கு நேரே "இரவல்" என்று போட்டிருக்கிறேன்.