ஊட்டிக்கு வந்ததும் அயனி கேஜ் தப்பாகக் காட்டுமா?

அடுத்த கேள்வி ஊட்டியிலிருந்து வந்திருக்கிறது. கேட்டவர் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர். சுருக்கிப் படிக்கிறேன்: "சார், கோவையில் இருந்த அலுமினியம் பூசும் வேக்குவம் யூனிட்டை இங்கே கொண்டு வந்தோம். அங்கே மதியத்துக்குள் 2×10⁻⁶ டார் வந்துவிடும். இங்கே சாயங்காலம் வரை ஓட்டினாலும் 8×10⁻⁶-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அயனி கேஜ் தப்பாகக் காட்டுகிறதா? மறுபடி காலிபரேட் பண்ண வேண்டுமா?"

வேண்டாம். உயரத்துக்கும் அந்த கேஜுக்கும் சம்பந்தமே இல்லை. அயனி கேஜ் என்பது வேக்குவத்தில் மிஞ்சியிருக்கும் அழுத்தத்தை அளக்கும் கருவி. டார் அழுத்தத்தின் அலகு, கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 760 டார்.

அது எப்படி அளக்கிறது என்று பாருங்கள். ஃபிலமென்ட் சூடாகி எலக்ட்ரான்களை விடுகிறது. சுமார் 180 வோல்ட்டில் இருக்கும் கிரிட் அவற்றை இழுக்கிறது. போகிற வழியில் அவை வாயு மூலக்கூறுகளில் மோதி அயனிகளாக்குகின்றன. கிரிட்டின் நடுவே நிற்கும் மெல்லிய கம்பிதான் கலெக்டர். அந்த அயனிகள் அதில் போய்ச் சேர்கின்றன. உள்ளே மூலக்கூறு எவ்வளவோ, கலெக்டர் மின்னோட்டமும் அவ்வளவு. எமிஷனை, அதாவது ஃபிலமென்ட் விடும் எலக்ட்ரான் மின்னோட்டத்தை, 4 மில்லி ஆம்பியரில் வைத்தால், வழக்கமான கேஜில் 10⁻⁶ டாருக்குச் சுமார் 40 நானோ ஆம்பியர் கிடைக்கும். இந்தக் கணக்கில் வெளிக்காற்று எங்கேயாவது வருகிறதா? வரவில்லை. கோவையில் 40 நானோ என்றால் ஊட்டியிலும் 40 நானோதான். குளிரால் வரும் வித்தியாசம் ஆறேழு சதவீதம் இருக்கலாம். கேஜின் சொந்தப் பிழையே அதைவிடப் பெரியது.

வெளிக்காற்றோடு ஒப்பிட்டுக் காட்டுவது ரோட்டரி பம்ப் லைனில் இருக்கும் முள் வைத்த டயல் கேஜ். ஊட்டியில் காற்றழுத்தம் ஏறக்குறைய 580 டார், கோவையில் 725. அதனால் முழு வேக்குவம் வந்தாலும் அந்த முள் 760-க்குப் போகாது, 580 பக்கத்திலேயே நின்றுவிடும். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் பாதரச அங்குல கேஜிலும் 30 அங்குலத்துக்குப் பதில் 23 அங்குலம்தான் வரும். அதைப் பார்த்து லீக் என்று நினைத்து ஜாயின்ட்டுகளைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. உங்கள் சந்தேகமும் அங்கிருந்து வந்திருக்கலாம்.

இன்னொன்று, 580-இல் தொடங்குவது பம்புக்குக் கொஞ்சம் லாபமும்கூட. சரி, பிறகு ஏன் இறங்கவில்லை? தண்ணீர். 10⁻⁵-க்குக் கீழே போகும்போது, பேக் செய்யாத (சூடாக்கி ஈரத்தை விரட்டாத) ஸ்டீல் சேம்பரில் மிஞ்சி நிற்பது பெரும்பாலும் நீராவிதான்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. காற்றில் உள்ள மொத்த நீராவியைப் பார்த்தால் கோவையில்தான் அதிகம். 30 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் என்றால் நீராவி அழுத்தம் சுமார் 19 டார். ஊட்டியில் 12 டிகிரியில் மூடுபனி இறங்கி நூறு சதவீதம் இருந்தாலும் 10.5 டார்தான். ஆனால் சுவரில் எவ்வளவு ஒட்டும் என்பதை முடிவு செய்வது இந்த அளவு அல்ல, அந்தச் சதவீதம். நூறை நெருங்கினால் ஸ்டீல் மேல் அடுக்கடுக்காகப் படியும். அதோடு சேம்பரைச் சுற்றி ஓடும் கூலிங் தண்ணீர் அறையைவிடச் சில்லென்று இருந்தால், கதவைத் திறந்த நிமிஷமே உள்சுவர் வியர்த்துவிடும். விரலால் தடவிப் பாருங்கள், தெரியும். அப்புறம் பம்ப் போட்டால், குளிர்ந்த சுவரிலிருந்து அந்தத் தண்ணீர் லேசில் கிளம்பாது. மழைக்காலத்தில் உள்ளறையில் காயப்போட்ட போர்வை மாதிரி நாள் முழுக்க விட்டுக்கொண்டே இருக்கும். பேக் செய்யாத சேம்பரில் அழுத்தம் பத்தில் ஒரு பங்காகக் குறைய, ஏறக்குறைய பத்து மடங்கு நேரம் ஆகும். அந்த நேரத்தைத்தான் நீங்கள் மாலை வரை காத்துக் கழிக்கிறீர்கள்.

எனவே சேம்பரைத் திறப்பதற்கு முன்னாடியே கூலிங் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். சுவர் அறையின் வெப்பத்துக்கு மேலே வரட்டும். வெதுவெதுப்பான தண்ணீரைச் சுற்றவிட முடிந்தால் இன்னும் நல்லது. வெண்ட் செய்ய (திறக்கும் முன் சேம்பரை நிரப்ப) ஊட்டிக் காற்றை விடாதீர்கள், சிலிண்டரில் இருந்து உலர்ந்த நைட்ரஜன் விடுங்கள். கண்ணாடியை மாற்றியதும் கதவை மூடிவிட வேண்டும், டீ குடித்துவிட்டு வந்து மூடலாம் என்பதெல்லாம் கூடாது. ரோட்டரி பம்பில் கேஸ் பேலஸ்ட் வால்வை (பம்புக்குள் கொஞ்சம் வெளிக்காற்றை விடுவது) முதலில் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் நீர் எண்ணெயில் கலந்து பால் மாதிரி ஆகிவிடும். உள்ளே ஹீட்டர் இருந்தால் 100 டிகிரி வரை சூடாக்கலாம், வைட்டான் ஓ-ரிங் அதைத் தாங்கும். வேறு ரப்பர் போட்டிருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

கேஜையும் ஒரு தடவை சுத்தம் செய்துவிடுங்கள். அதன் கிரிட்டிலும் தண்ணீர் ஒட்டியிருக்கும். 10⁻⁵-க்குக் கீழே வந்தபின் சில நிமிஷம் டீகேஸ் போட்டு (கிரிட்டைச் சூடாக்கி ஒட்டியதை விரட்டுவது), ஆறவிட்டு, மறுபடி படியுங்கள். ஃபிலமென்ட் டங்ஸ்டன் என்றால் பிரானி கேஜ் (இதைவிட உயர்ந்த அழுத்தத்தை அளக்கும் இன்னொரு கேஜ்) 10⁻³-க்குக் கீழே காட்டும் வரை சுவிட்ச் போடவே வேண்டாம், எரிந்துவிடும். உங்களிடம் இருப்பது பென்னிங் மாதிரி, ஃபிலமென்ட் இல்லாத கோல்டு கேத்தோடு கேஜ் என்றால் வேறு ஒரு தொந்தரவு உண்டு. அதில் ஓடுவது 2000 வோல்ட்டுக்கு மேல். கனெக்டரில் ஈரம் பிடித்தால் அது வழியாகவே மின்சாரம் கசியும், கேஜ் அதையும் அழுத்தம் என்றே காட்டும். கரன்ட்டை அணைத்துவிட்டு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, ஹேர் டிரையரால் உலர்த்திப் பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் லீக் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், சேம்பரைப் பம்பிலிருந்து பிரிக்கும் ஹை வேக்குவம் வால்வை மூடிவிட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கேஜைக் குறித்துக்கொண்டே வாருங்கள். அழுத்தம் 10⁻³-ஐத் தொடப் போகிறது என்றால் ஃபிலமென்ட்டை அணைத்துவிட்டு பிரானியில் தொடருங்கள். கிராஃப் தாளில் அந்தப் புள்ளிகள் நேர்கோடாக ஏறிக்கொண்டே போனால் எங்கேயோ ஓட்டை, ஜாயின்ட் ஜாயின்ட்டாகத் தேட வேண்டியதுதான். முதலில் வேகமாக ஏறி, பிறகு வளைந்து படுத்துவிட்டால் அது சுவரில் இருக்கும் தண்ணீர். ஹீட்டரைப் போடுங்கள்.