நூறு நெல்லும் ஒரு சட்டிக் கறியும்

(திருகோணமலை மாவட்டம், மூதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பொதுநோக்கு மண்டபத்தில், பெரும்போகம் தொடங்கும் நேரத்தில் இளைஞர்களுக்கும் தாய்மாருக்கும் பேசியதை எழுத்தாக்கியது.)

தம்பிமாரே, தங்கைமாரே, அம்மாமாரே, பக்கத்து ஊரிலிருந்து வந்திருக்கும் நானாமாரே, எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் மேடைக்கு வருவதற்கு முன்பே முன்வரிசைத் தங்கைமார் இரண்டு பேரிடம் ஒரு வேலை கொடுத்தேன். பக்கத்து வீட்டில் விதைநெல் ஒரு பிடி வாங்கி, பொறுக்காமல் 100 மணி எண்ணி எடுக்கச் சொன்னேன். பொறுக்காமல் என்பதை இரண்டு தரம் சொன்னேன். ஏனென்றால் விரல் தானாகவே கொழுத்த மணியைத் தேடிப் போகும். எண்ணியதை நனைத்த சாக்குத் துண்டில் வரிசையாகப் பரப்பி, சுருட்டி, இரண்டு நுனியையும் கட்டி, கிணத்தடி நிழலில் வைத்திருக்கிறார்கள். சாக்கு காயாமல் பார்த்துக்கொண்டால் ஏழாம் நாள் பிரித்து எண்ணலாம். 85க்குக் குறையாமல் முளைத்தால் அது விதை. 60தான் முளைத்தால் அது சோற்றுக்கு உரிய நெல், குற்றிச் சாப்பிடுங்கள். இதற்குக் காசு வேண்டாம், கருவி வேண்டாம், என்னைப் போல ஒருவரும் வேண்டாம்.

நான் விவசாயப் போதனாசிரியராக மோட்டார் சைக்கிளில் இந்தப் பக்கமெல்லாம் திரிந்தவன். அந்த நாளில் ஊருக்கு ஊர் கே.வி.எஸ். என்று ஓர் உத்தியோகத்தர் இருப்பார். கிராமத்திலேயே இருந்து விவசாய ஆலோசனை சொல்வது அவர் வேலை. யாருடைய வரம்பு உடைந்தது, யாருடைய நாற்றில் நோய் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். 1989இல் நாடு முழுவதும் அவர்களில் இரண்டாயிரத்துக்கும் அதிகமானவர்களைக் கிராம சேவையாளர்களாக மாற்றினார்கள். வயலுக்குப் போன கால்கள் அத்தாட்சிப் பத்திரம் எழுதும் மேசைக்குக் கீழே போய்விட்டன. அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்து, விரிவாக்கம், அதாவது கமக்காரருக்கு ஆலோசனை கொண்டுபோகும் சேவை, மாகாண சபைகளின் கைக்குப் போகும் ஏற்பாடும் நடந்தது. சரி, நிர்வாகக் கதை இதோடு போதும். சொல்ல வந்தது இதுதான்: கமநல சேவை நிலையத்துக்கும் உங்கள் வீட்டு வேலிக்கும் இடையில் நடந்து வந்த ஒரு மனிதர் இல்லாமல் போனார். அந்த இடம் இன்னும் சரியாக நிரம்பவில்லை. நீங்கள் நிரப்பலாம் என்று நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

எங்கள் சேவையில் இன்னொரு குறையும் இருந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு. வரம்போடு திரும்பிவிடுவோம், அடுப்படிக்குப் போக மாட்டோம். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கேட்போம், அதில் வீட்டுக்கு எத்தனை கொத்து வைத்தீர்கள் என்று கேட்க மாட்டோம்.

ஒரு வருடம் நெல் வெட்டிய வயலில், அடுத்த நெற்போகத்துக்கு முன் இடைப்போகமாகப் பச்சைப்பயறு போடச் சொல்லி ஊர் ஊராகத் திரிந்தேன். நிலத்தில் மிச்சமிருக்கும் ஈரத்தில் அறுபது, அறுபத்தைந்து நாளில் காய் பிடுங்கிவிடலாம். பயறு வேர் மண்ணில் தழைச்சத்தும் சேர்க்கும். தம்பலகாமத்துப் பக்கம் ஒரு வீட்டில் நல்ல விளைச்சல். பார்க்கப் போனேன். விறாந்தையில் எட்டு மூட்டை பயறு, வாய் தைத்து அடுக்கியிருந்தது. மூட்டையில் சாய்ந்தபடி ஒரு மூன்று வயதுப் பிள்ளை, கையில் பிஸ்கட். தலைமயிர் செம்பட்டை பிடித்து, கை கால் குச்சிபோல. தாயிடம் கிளினிக் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். நிறைக்கோடு நான்கு மாதமாக ஒரே மட்டத்தில் படுத்திருந்தது. “பயறு கொடுப்பீர்களா பிள்ளை?” என்று கேட்டேன். “அது விற்கிறதுக்கு ஐயா” என்றாள். அவள் மேல் ஒரு பிழையும் இல்லை. பயறு விற்பதற்கு என்று சொல்லிக் கொடுத்தவனே நான்தானே.

பயறில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது. அரிசியில் ஏழு கிராம் அளவில்தான். அதோடு, அரிசிப் புரதத்தில் லைசின் என்ற ஒன்று குறைவு, பயறில் அது தாராளம். பயறில் குறைவான வேறொன்றை அரிசி ஈடுசெய்யும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பிள்ளையின் உடம்பு இரண்டையும் நன்றாகப் பயன்படுத்தும். பொங்கலுக்குப் பயறு வறுத்துப் போடுகிறோமே, அதை வருடத்தில் ஒரு நாளோடு நிறுத்திவிட்டோம். அன்றைக்கு அந்தத் தாயிடம் ஒரு மூட்டையின் தையலைப் பிரிக்கச் சொன்னேன். ஒரு மூட்டை வீட்டுக்கு, ஏழு மூட்டை சந்தைக்கு. எந்த விளைச்சலுக்கும் அந்தக் கணக்கைத்தான் இப்போதும் சொல்கிறேன். கச்சானுக்கும் அதேதான். நிலாவெளி, குச்சவெளி மணல் தரையில் விளைவதை முழுக்க மூட்டை கட்டி அனுப்பிவிட்டுப் பிள்ளைக்கு டொபி வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இலைக்கறிக்கு வருவோம். முருங்கை, பொன்னாங்காணி, வல்லாரை, முசுட்டை, எல்லாம் வேலியிலும் வாய்க்கால் ஓரத்திலும் நிற்கின்றன. இதை ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கும் பழக்கம் எப்படி வந்ததோ தெரியாது, எனக்கு அதில் மிகவும் கவலை. முருங்கையிலைச் சுண்டலை இறக்கியபின் தேசிக்காய்ப்புளி விடுங்கள். இலையில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு இழுத்துக்கொள்ளப் புளியில் உள்ள உயிர்ச்சத்து சி உதவும். அடுப்பில் இருக்கும்போது விட்டால் அது சூட்டில் அழியும். தேங்காய்ப்பூ போடுவதும் ருசிக்கு மட்டும் இல்லை. இலையில் இருக்கும் பீட்டா கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். அப்புறம் ஒரு கெட்ட பழக்கம்: சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி. தேயிலையின் துவர்ப்பு அந்த இரும்பைப் பிடித்து வைத்துவிடும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கர்ப்பிணித் தங்கைமார் இதை மறக்கவே வேண்டாம். குடும்ப நல உத்தியோகத்தர் தரும் இரும்பு மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம். கிளினிக்கில் தரும் திரிபோஷ சோளமும் சோயாவும் சேர்ந்த நல்ல மா. அது அந்தப் பிள்ளைக்கும் அந்தத் தாய்க்கும் அளந்து தருவது. வீடு முழுக்கப் பங்கு போட்டால் யாருக்கும் பலன் இல்லை.

வீட்டுத்தோட்டம் பற்றி ஒரு வேதனையும் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனம் ஒருமுறை கத்தரி, வெண்டி, பயிற்றை விதைப் பைக்கற்றுகள் நூற்றுக்கணக்கில் தந்தது. வந்து சேர்ந்தது மாசி மாதக் கடைசியில். வடகீழ்ப் பருவமழை முடிந்து, கிணறு கீழே போய்க்கொண்டிருந்த நேரம். கொடுத்தோம், படம் எடுத்தோம், அறிக்கையும் போனது. சித்திரையில் போய்ப் பார்த்தால் ஒரு வீட்டில் மட்டும் பயிற்றை நின்றது. குளிக்கும் தண்ணீர் ஓடுகிற கிணத்தடியில் அந்த அம்மா நட்டிருந்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இங்கே வெயில் காலத்தில் தோட்டம் என்றால் கிணத்தடிதான் என்பதை அவரிடம்தான் நான் படித்தேன். குரங்குக்கும் கட்டாக்காலி மாட்டுக்கும் வேலி முக்கியம். வேலிக்குப் பூவரசோடு அகத்தியையும் முருங்கையையும் சேர்த்து நட்டால் வேலியே கறியாகும்.

2021ஐ நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். அந்த வருடம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள், நவம்பரில் திரும்பத் திறந்தார்கள். எல்லாரும் சேதனப் பசளைக்கு, அதாவது இயற்கை உரத்துக்கு, மாற வேண்டும் என்றார்கள். சேதனப் பசளை நல்லது என்று நான் இளம் வயதிலிருந்தே சொல்லி வந்தவன். ஆனால் ஒரு போகத்தில் மண் மாறாது. கூட்டெரு பதமாவதற்கே மாதங்கள் வேண்டும். ஒரு மூலையில் போட்டுப் பார்த்து, அடுத்த போகம் கால் ஏக்கர், அதற்கடுத்தது அரை ஏக்கர் என்று போக வேண்டிய விஷயம் அது. அந்த வருடம் நெல் மட்டும் கருகவில்லை. விரிவாக்க உத்தியோகத்தர் சொன்னால் கேட்கலாம் என்ற நம்பிக்கையும் சேர்ந்து கருகியது. அதைத் திரும்ப வளர்ப்பது நெல்லை வளர்ப்பதைவிடக் கஷ்டம்.

இப்போது தம்பிமாரே, உங்களிடம்.

விரிவாக்க சேவை பெரும்பாலும் ஓர் எண்ணத்தோடுதான் தொடங்குகிறது: கமக்காரனுக்குக் கமம் தெரியும், புதியதை மட்டும் சொன்னால் போதும் என்று. எங்கள் மாவட்டத்தில் அது பொருந்தாது. மூதூருக்குப் பக்கத்துச் சம்பூர் மக்கள் 2006இல் போரினால் இடம்பெயர்ந்தார்கள். 2015, 2016 அளவில்தான் காணி கிடைத்துத் திரும்பினார்கள். இடம்பெயரும்போது ஐந்து வயதில் இருந்து, கிளிவெட்டி முகாமில் வளர்ந்த பிள்ளை திரும்பும்போது பதினான்கு, பதினைந்து வயது. ஏர் பிடித்த தகப்பனுக்குப் பின்னால் வரம்பில் நடந்து பழகும் வயதெல்லாம் முகாமில் போய்விட்டது. அந்தப் பிள்ளைக்கு விவசாயம் பிடிக்கவில்லை என்று பெரியவர்கள் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நோகும். அவனுக்குக் காட்டிக் கொடுக்கவே இல்லையே. அப்படிப்பட்டவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். தெரியாது என்று சொல்வதில் ஒரு வெட்கமும் வேண்டாம். விதை எண்ணுவதிலிருந்து தொடங்குவோம் என்றுதான் அந்தச் சாக்கைச் சுருட்டினேன்.

உங்களிடம் இருப்பது எங்களிடம் இருக்கவில்லை. 2018இல் படைப்புழு இந்த நாட்டுச் சோளத்துக்குள் வந்தபோது, குருத்தை விரித்துப் பார்த்து, மரத்தூள் போல ஈரமாகக் கிடக்கும் எச்சத்தைப் படம் எடுத்து உடனே போதனாசிரியருக்கு அனுப்பியவர்கள் இளம் பிள்ளைகள்தான். நாங்கள் ஒரு புழுவைப் போத்தலில் போட்டுக் கந்தோருக்குக் கொண்டுபோக இரண்டு நாள் ஆகும். 1920 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால் விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை கிடைக்கும். ஐயாமாருக்கு நம்பர் அழுத்திக் கொடுங்கள், பதிலைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

ஒன்று மட்டும் வற்புறுத்திக் கேட்கிறேன். பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் எப்போது தண்ணீர் திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைப்பது, மாட்டை எப்போது வெளியேற்றுவது என்று தீர்மானிக்கிறார்கள். அந்தக் கதிரைகளில் இருப்பது பெரும்பாலும் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள். இந்த முறை உங்கள் இளைஞர் கழகத்திலிருந்து இரண்டு பேரும், தாய்மாரில் இரண்டு பேரும் போய் உட்காருங்கள். பேச வேண்டும் என்று இல்லை, முதல் வருடம் கேட்டாலே போதும். இடைப்போகப் பயறுக்கு யார் யார் வயல் விடுகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். கமக்காரர் அமைப்புத் தலைவர் இங்கே இருக்கிறார். நான் கேட்பதற்கு முன்பே தலையாட்டுகிறார், நன்றி அண்ணை.

பின்னால் அம்மாமார் பயறும் முருங்கையிலையும் போட்டுச் சோறு ஆக்கியிருக்கிறார்கள். தேசிக்காய் வெட்டி வைத்திருக்கிறது. தேத்தண்ணியை நான்தான் பிந்திப் போடச் சொன்னேன். தங்கைமாரே, சாக்கை நாளைக் காலையில் ஒருதரம் நனைத்துவிடுங்கள். ஏழாம் நாள் நான் வர முடியாது. பிரித்து எண்ணிவிட்டு எத்தனை என்று எனக்குச் சொல்லுங்கள்.