மணிக்கூண்டிலிருந்து தாத்தாவின் கிணறு வரை

வணக்கம் மக்களே. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக்குக் கீழே நிற்கிறேன். மேலே ஒரு கல்வெட்டு தெரிகிறதா? முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறது. அது வெள்ளைக்காரனுக்காகப் போன போர்.

என் தாத்தா போனது நம் நாட்டுக்காக. இதே வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டைக்காரர். அந்த ஊரில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1965 செப்டம்பரில் பாகிஸ்தானோடு நடந்த சண்டையில் எல்லையில் இருந்தார். சண்டையைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. லீவில் வந்தபோது பாட்டி ரேஷன் கடை வரிசையில் நின்றதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்.

சுதந்திரம் வாங்கிப் பதினெட்டே வருஷம். 1962இல் சீனாவிடம் பட்ட அடி ஆறுவதற்குள் அடுத்த போர். கூடவே மழையும் பொய்த்துவிட்டது. அமெரிக்கா ஆயுத உதவியை நிறுத்தியது. கோதுமையையும் ஜனாதிபதி ஜான்சன் மொத்தமாகத் தராமல் மாதக் கணக்கில் அளந்துதான் விட்டார். 1966இல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் வெளியிலிருந்து வந்தது. அந்த வருஷம் ஜூனில் ரூபாயின் மதிப்பையும் குறைத்தார்கள், 4.76க்குக் கிடைத்த டாலர் 7.50 ஆனது. எல்லையில் தலை நிமிர்ந்து நின்ற நாடு, சோற்றுக்குக் கப்பலை எதிர்பார்த்து நின்றது. தாத்தாவுக்குக் குண்டை விட இதுதான் வலித்தது. எனக்கும் இதைப் பேசும்போது தொண்டை அடைக்கிறது.

அந்த வலியிலிருந்துதான் வேகம் பிறந்தது என்று நினைக்கிறேன். அப்போது உணவு அமைச்சர் நம்ம பொள்ளாச்சிப் பக்கத்து சி.சுப்பிரமணியம். எதிர்ப்பு இருந்தும் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை இறக்கினார். 1964-65இல் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1970-71இல் 2.3 கோடி டன்னைத் தாண்டியது. 1971இல் வங்கதேசப் போர் வந்தபோது அமெரிக்கா கண்ணை உருட்டியும் நாடு பணியவில்லை. படை பலம், ரஷ்யாவோடு போட்ட ஒப்பந்தம் எல்லாம் காரணம்தான். ஆனால் களஞ்சியத்தில் தானியம் இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதை ஏனோ யாரும் அதிகம் பேசுவதில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே வந்தது ஐஆர் எட்டு நெல். பிலிப்பைன்சில் 1966இல் வெளியிட்ட குட்டை ரகம், உரம் போட்டாலும் சாயாது. தமிழ்நாட்டு விவசாயி ஒருவர் தன் பிள்ளைக்கு ஐஆர்எட்டு என்றே பெயர் வைத்தார் என்றால் பாருங்களேன்! தாத்தாவும் பென்ஷனில் வந்த பிறகு அதைத்தான் நட்டார். சோறு தடித்தடியாக இருக்கும், ஆறினால் விறைத்துவிடும் என்று பாட்டி குறை சொல்வார். ஆனால் அதற்கப்புறம் அவர் ரேஷன் வரிசையில் நிற்கவில்லை.

ஆனால் அந்த நெல்லுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். பாலாற்றில் எப்போது பார்த்தாலும் மணல்தான். கிணற்றை நம்பித்தான் பயிர். மோட்டார் வைத்தார்கள், ஆழப்படுத்தினார்கள், பிறகு கிணற்றுக்குள்ளேயே ஆழ்துளை போட்டார்கள். நாடு நிமிர்ந்ததற்கு எங்கள் மண்ணின் தண்ணீரும் ஒரு விலை. பட்டாளத்தில் போனவர்களைக் கல்வெட்டில் எண்ணி வைத்தோம். இதை யாரும் எண்ணவில்லை.

இப்போது வண்டியை எடுத்துக்கொண்டு கம்மவான்பேட்டைக்குத்தான் போகிறேன். அந்தக் கிணற்றை உள்ளே எட்டிப் பார்த்துக் காட்டுகிறேன், வாங்க.