நேஸ்பி: போர் ஒரு இடம், கல் ஒரு இடம்

வணக்கம் மக்களே! மார்ஸ்டன் மூர் போர்க்கள வீடியோ பார்த்துவிட்டு "அடுத்து நேஸ்பி போங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். போய்விட்டு வந்தேன், கோபம் இன்னும் ஆறவில்லை.

இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் முதலாம் சார்லஸ் மன்னரின் படையை நாடாளுமன்றப் படை நொறுக்கிய ஊர் இது. 1645 ஜூன் 14. மார்க்கெட் ஹார்பரோ ஸ்டேஷனில் டாக்சி பிடித்து, போர் நினைவுச்சின்னம் என்றேன். டிரைவர் கிளிப்ஸ்டன் சாலையில் இருக்கிற ஸ்தூபியில் இறக்கிவிட்டார். 1823இல் ஊர் ஜமீன் தம்பதி ஜான், மேரி ஃபிட்ஜெரால்டு எழுப்பியது. "இந்த வயலில் நடந்த போர்" என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். அங்கே நடக்கவே இல்லை! களம் ஒரு மைல் அளவுக்குத் தள்ளி இருக்கிறது. அதோடு விட்டார்களா? மன்னர்கள் வரம்பு மீறக்கூடாது, குடிகள் விசுவாசம் தவறக்கூடாது என்று கல் முழுக்க உபதேசம். எனக்குப் பிடிக்கவே இல்லை.

சரி, சரியான இடத்துக்கு விடுங்கள் என்றால் கூடுதலாக 7 பவுண்டு கேட்கிறார். காத்திருந்த நேரத்துக்காம்! கல்வெட்டை நான் எழுத்து விடாமல் வாசிப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்; அதற்கா 7 பவுண்டு? தரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு நடந்தேன். ஊருக்குள் திரும்பி, சிபர்டாஃப்ட் சாலையைப் பிடித்து, 7 பவுண்டும் பையில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தேன்!

அங்கே 1936இல் வைத்த கல் தூண். இதற்கு அருகிலிருந்துதான் நாடாளுமன்றத் தளபதி குரோம்வெல் குதிரைப்படையோடு பாய்ந்தார் என்று எழுதியிருக்கிறது. எதிரே பிராட் மூர் என்ற வெளி சரிந்து இறங்குகிறது, அதற்கு அப்பால் மன்னர் படை நின்ற டஸ்ட் ஹில் மேடு. நின்று பார்த்தாலே போர் புரிகிறது. மன்னர் பக்கத்துக் குதிரைப்படைத் தளபதி இளவரசர் ரூபர்ட், தன் பக்கம் ஜெயித்த வேகத்தில் நாடாளுமன்றப் படையின் மூட்டை வண்டிகள் வரை துரத்திக்கொண்டு போய்விட்டார். திரும்பி வருவதற்குள் மன்னரின் காலாட்படை முடிந்துபோனது.

அய்யோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். மன்னர் படையோடு வந்த பெண்களில் குறைந்தது 100 பேரை, ஜெயித்தவர்கள் துரத்தி வெட்டினார்கள். அயர்லாந்துப் பெண்கள் என்று நினைத்தார்களாம்; பெரும்பாலும் வேல்ஸ் நாட்டவர்களாக இருக்கலாம். இரண்டு கல்லிலும் அவர்களுக்கு ஒரு வரி கிடையாது. உபதேசத்துக்கு இடம் இருந்ததே!

போகிறவர்கள் டாக்சியில் ஏறும்போதே "சிபர்டாஃப்ட் சாலைத் தூண்" என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் எஜ்ஹில் போர்க்களம்.