யாரும் உண்டாக்காத நெரிசல்

அவையோருக்கு வணக்கம்.

நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஊர்ந்துகொண்டே போகிறோம். முன்னால் ஏதோ விபத்து என்று நினைக்கிறோம். போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. அந்த நெரிசல் எங்கிருந்து வந்தது?

2008-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதை, 22 கார்கள். எல்லோரும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட முயல வேண்டும். சிக்னல் கிடையாது, குறுக்குச் சாலை கிடையாது. ஆனாலும் சற்று நேரத்தில் சில கார்கள் நின்றேவிட்டன. ஒருவர் இடைவெளி குறைகிறதே என்று லேசாகப் பிரேக்கை மிதிக்கிறார். பின்னால் வருபவர் இன்னும் அழுத்தி மிதிக்கிறார். இப்படியே நெரிசல் ஓர் அலையாகி, மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது.

இதைக் கணினி முன்பே காட்டியிருந்தது. 1992-இல் நாகெல், ஷ்ரெக்கன்பெர்க் என்ற இரு ஜெர்மானிய இயற்பியலாளர்கள் கணினிக்குள் ஒரு சாலையை ஏழரை மீட்டர் கட்டங்களாகப் பிரித்தார்கள். முடிந்தால் வேகம் கூட்டு, முன்னால் வண்டி இருந்தால் குறை, அவ்வப்போது காரணமே இல்லாமலும் கொஞ்சம் குறை, பிறகு நகர். ஒவ்வொரு வண்டிக்கும் விதிகள் இவ்வளவுதான். மூன்றாவது விதியை எடுத்துவிட்டால், தானாக முளைக்கும் நெரிசலும் மறைந்துவிடுகிறது. கண நேரம் கவனம் சிதறுகிற, தயங்குகிற மனிதன் அந்த ஒரு விதியில்தான் இருக்கிறான். இந்தக் கணினி மாதிரியை நான் வியந்து போற்றுவது அதனால்தான்.

நோய் இது என்றால் மருந்தும் தெரிகிறது: அலை எழும் முன்பே எல்லோரையும் சேர்த்து மெதுவாக்க வேண்டும். லண்டனைச் சுற்றியுள்ள எம்25 சாலையின் ஒரு பகுதியில் 1995 முதல் இதைச் செய்கிறார்கள். சாலைக்கு அடியில் பதித்த கம்பிச் சுருள்கள் வண்டிகளை எண்ணுகின்றன. கூட்டம் கூடினால் மேலே உள்ள பலகையில் வேக வரம்பு 70 மைலிலிருந்து 60, 50 என்று இறங்குகிறது.

இன்னொரு வழி, நெடுஞ்சாலையின் நுழைவுப் பாதையில் சிக்னல் விளக்கு வைத்து வண்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே விடுவது. அமெரிக்காவின் மினசோட்டாவில் இப்படி நூற்றுக்கணக்கான விளக்குகள் இருந்தன. வரிசையில் காத்திருந்தவர்களின் கோபம் சட்டமன்றம் வரை போனது. 2000-இல் ஆறு வாரம் எல்லாவற்றையும் அணைத்துப் பார்த்தார்கள். பயண நேரம் 22 சதவீதம் கூடியது. விபத்துகள் 26 சதவீதம் கூடின. கணக்கு வென்றது.

ஆனால் விளக்குகளைத் திரும்பவும் இயக்கியபோது பழையபடி விட்டுவிடவில்லை. நுழைவுப் பாதையில் யாரும் நான்கு நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். இதனால் நெடுஞ்சாலையின் வேகம் சற்றுக் குறையலாம், குறையட்டும். சாலைக்குள் வந்துவிட்டவருக்கு மிச்சமாகும் நேரத்தை, வாசலில் நிற்பவரிடமிருந்து அளவில்லாமல் பிடுங்குவது நியாயமில்லை. எந்த நகரம் இத்தகைய விளக்குகளை இயக்கும் மென்பொருளை வாங்கினாலும், அதிகபட்சம் எவ்வளவு நேரம் காத்திருக்கச் சம்மதம் என்று முதலில் மக்களைக் கேட்கட்டும். அந்த எண்ணைக் கணினிக்குக் கொடுத்த பிறகு விளக்கைப் போடட்டும்.