கரை தட்டுவதற்காகவே கட்டிய கப்பல்: எல்சிடி 7074

[திரையில்: இருட்டில் அலைகள். இரும்பு வடம் உரசும் ஓசை.]

கப்பல் கரை தட்டினால் கேப்டனைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பார்கள். இந்தக் கப்பலின் வேலையே கரை தட்டுவதுதான். அதை 20 வயது இளைஞர் ஒருவரிடம் ஒப்படைத்து, எதிரி காத்திருக்கும் பிரான்சின் நார்மண்டி மணலில் கொண்டுபோய் ஏற்று என்று அனுப்பினார்கள். ஏற்றினார், 10 டாங்கிகளை இறக்கினார், திரும்பியும் வந்தார். மணலில் ஏறிய கப்பல் எப்படித் திரும்பும்? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

வணக்கம் நேயர்களே. இந்தக் கப்பலுக்குப் பெயர் கிடையாது, எண்தான்: எல்சிடி 7074. எல்சிடி என்றால் டாங்கி இறக்கும் கலம் என்று பொருள்.

பின்னணி சுருக்கமாக. இரண்டாம் உலகப் போரில், 1940-இல் பிரான்சின் டன்கிர்க்கிலிருந்து பிரிட்டிஷ் படை டாங்கிகளை விட்டுவிட்டுத் தப்பி வந்தது. மீண்டும் போக வேண்டும், ஆனால் துறைமுகங்கள் ஜெர்மனியின் கையில். வெறும் மணலிலேயே டாங்கியை இறக்க ஒரு கலம் வேண்டும் என்றார் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில். அப்படிப் பிறந்த இனத்தில், 1944-இல் இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் ஹாதர்ன் லெஸ்லி கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டது 7074.

[திரையில்: கப்பலின் வரைபடம்.]

நீளம் ஏறத்தாழ 58 மீட்டர். ஆட்கள் வெறும் 12 பேர். அன்றைய குரோம்வெல் டாங்கி ஒன்றின் எடையே சுமார் 28 டன்! கப்பலின் அடியைப் பாருங்கள், பரிசல் மாதிரி தட்டை. அதனால்தான் மணலில் வழுக்கி ஏற முடிகிறது. அதனாலேயே நடுக்கடலில் ஒவ்வோர் அலையும் அடிவயிற்றில் அறைகிறது. உள்ளே இருந்த சிப்பாய்களின் குமட்டலை நினைத்துப் பாருங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எல்லோரும் டாங்கிகள் இறங்கும் முன்கதவைத்தான் படம் எடுக்கிறார்கள். என் கண் போவது பின்பக்கம். நம் மீனவர்கள் முன்முனையை அணியம், பின்முனையை அமரம் என்பார்கள். இந்தக் கப்பலின் உயிர் அமரத்தில் இருக்கிறது. கரை நெருங்கும்போதே, இன்னும் தண்ணீரில் இருக்கையில், பின்னாலிருந்து ஒரு நங்கூரத்தைப் போட்டுவிடுகிறார்கள். கப்பல் முன்னே ஓட ஓட வடம் பின்னால் அவிழ்கிறது. வடம் சுற்றியிருக்கும் விசைச் சக்கரத்தின் பிரேக்கில் கை வைத்தபடி ஒருவர் நிற்கிறார். சீக்கிரம் போட்டால் வடம் போதாது. தாமதித்தால் திரும்ப இழுக்க நீளம் இருக்காது. வடம் தளர்ந்தாலோ, அலை அமரத்தைப் பக்கவாட்டில் தள்ளிக் கப்பலையே கரையோடு ஒட்டிப் படுக்க வைத்துவிடும். முன்னால் டாங்கிகள் இறங்க இறங்கக் கலம் எடை குறைந்து மிதக்கத் தொடங்குகிறது. உடனே என்ஜின் பின்னோக்கி ஓட, கிணற்று வாளியை இழுப்பதுபோல, தான் போட்ட நங்கூரத்தைப் பிடித்துத் தன்னையே கடலுக்குள் இழுத்துக்கொள்கிறது கப்பல்! இதற்குள் நீர் வற்றிவிட்டால் அடுத்த நீரேற்றம்வரை மணலில் கிடக்க வேண்டியதுதான். இந்த ஒரு நங்கூரம் இல்லையென்றால் எல்சிடி ஒருமுறை மட்டுமே பயன்படும் கப்பலாகியிருக்கும்.

அந்த இளைஞர் சப் லெப்டினன்ட் ஜான் பேகட். இங்கிலாந்தின் ஃபெலிக்ஸ்டோ துறைமுகத்தில் 7-ஆவது கவசப் படைப்பிரிவின் டாங்கிகளை ஏற்றிக்கொண்டு, 1944 ஜூன் 7 அதிகாலை, நார்மண்டியின் கோல்ட் கடற்கரையில் இறக்கினார். 20 வயதில் என் கவலையெல்லாம் தேர்வைப் பற்றித்தான். இவர் இருட்டில் வடத்தின் நீளத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

போருக்குப் பின் 1948-இல் லிவர்பூலின் மாலுமிகள் சங்கத்துக்கு மனமகிழ் மன்றமாகப் போனது. அப்போதுதான் முதல் பெயர்: லேண்ட்ஃபால், கடலிலிருந்து வருபவன் கரையைக் காண்பது. இதைவிடப் பொருத்தமான பெயர் வைக்கவே முடியாது. பிறகு இரவு விடுதி. பிறகு பர்க்கன்ஹெட் துறையில் கவனிப்பாரின்றி மூழ்கியது.

இது ஏன் வலிக்கிறது தெரியுமா? நார்மண்டிக்குப் போன 800-க்கும் மேற்பட்ட எல்சிடிகளில் இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். 2014 அக்டோபரில் தூக்கி எடுத்தார்கள். 2020-இல் இங்கிலாந்தின் சவுத்சீ கடற்கரையில் கொண்டுவந்து வைத்தார்கள். தளத்தில் ஒரு ஷெர்மன், ஒரு சர்ச்சில் குரோக்கடைல் டாங்கி நிற்கின்றன.

[திரையில்: அமரத்தின் நெருக்கக் காட்சி.]

கடலோர ஊர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கரையேறிய படகைப் பின்னுக்கு இழுக்க முன்கூட்டியே நங்கூரம் போடும் வழக்கம் உங்கள் ஊரில் இருந்தால், அதை என்ன சொல்லி அழைப்பீர்கள்? கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன்.